முப்பது மில்லியாம்ப்

கருங்கலில் பெர்க்மான்ஸ் வீட்டு மாடிக்கு
ஆறு பேர் சேர்ந்து ஏற்றினோம் அந்தத் தொட்டியை.
வெள்ளை ஃபைபர். பக்கவாட்டில் எட்டுத் துளை.
வயிற்றுக்குள் ஒரு மோட்டார், ஒரு ஹீட்டர்.
வெள்ளம் சுழன்று சுழன்று முதுகு பிடித்துவிடுமாம்.
பதினாறு வருஷம் தோகாவில்
வெல்டிங்குக்குக் குனிந்த முதுகு.
நான் சிரிக்கவில்லை.

"சுவிட்ச இஞ்ச வையும் ஓய்,
கிடந்துகிட்டே அமுக்கணும்" என்றார்,
காலித் தொட்டியில் சட்டையோடு சாய்ந்து
கையை நீட்டி.
நீட்டிய கையை டேப்பால் அளந்தேன்.
இந்தத் தூரத்துக்குள் கரண்டு வராது, என்றேன்.
சுவிட்ச் கதவுக்கு வெளியே.
உள்ளே கைக்கு எட்டுவது காற்றுப் பொத்தான்:
அமுக்கினால் மெல்லிய குழாயில் காற்று ஓடி
அந்தப் பக்கத்தில் மோட்டாரை எழுப்பும்.
நனைந்த விரலுக்கும் கம்பிக்கும் நடுவே
ஒரு மூச்சு.

"கொள்ளாம்" என்றார்.
முகம் அப்படிச் சொல்லவில்லை.

கிணற்றடியில் எர்த் குழி எடுத்தோம்.
சிரட்டைக் கரி, உப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு.
புத்தளத்து உப்பு என்று கடைக்காரர் சத்தியம் செய்தார்.
குழியிலிருந்து பச்சைக் கம்பி மாடியேறி
மோட்டார் உடம்பு, ஸ்டீல் பைப், வடிகால் வளையம்
எல்லாவற்றையும் ஒரே கொத்தாகக் கட்டியது.
ஒன்றைத் தொட்டபடி இன்னொன்றைத் தொடுகிறவன்
பாலமாகிவிடக் கூடாது.

"அந்தச் சின்னப் பெட்டிக்கு மூவாயிரமா?"

நான் குறும்பனைக்காரன்.
தெரிந்த மாதிரி சொன்னேன்.
விடியக்காலம் கரையில் நின்று எண்ணுவோம்,
போன வள்ளம் எத்தனை, வந்தது எத்தனை.
ஒன்று குறைந்தால்
ஏலம் விடுகிறவன் வாய் நிற்கும்,
ஐஸ் உடைக்கிறவன் கை நிற்கும்,
கோயில் மைக்கில் பாட்டு நிற்கும்.
கரை முழுக்க நிற்கும்.
இந்தப் பெட்டிக்கும் அதுதான் வேலை.
போன கரண்டு, வந்த கரண்டு.
முப்பது மில்லியாம்ப் குறைந்தால்
இமை மூடித் திறக்குமுன் வீட்டை நிறுத்தும்.
யார் உடம்பு வழியாகப் போனதென்று
கேட்டுக்கொண்டு நிற்காது.

ஜோபிதா அக்கா மட்டும் கேட்டார்,
அது செத்துப் போனால் எப்படித் தெரியும்?
மாசம் ஒருக்கா டெஸ்ட் பொத்தானை அமுக்கணும்.
விழுந்தால் உயிரோடிருக்கு.
காலண்டரில் முதல் சனிக்கிழமைகளை வட்டமிட்டார்.

ஐப்பசி மழை. ராத்திரி பதினொன்று. போன்.
"நிறைச்சு ஆன் பண்ணினா வீடே இருட்டு.
மூணு தடவை ஆச்சு.
அந்த எழவப் புடுங்கிட்டு நேராக் கொடும்."
மழைக்கோட்டும் பைக்குமாய்ப் போனேன்.
டார்ச்சைக் கடித்தபடி தொட்டிக்கடியில் நுழைந்தேன்.
ஹீட்டர் மூடியில் ரப்பர் வளையம் கோணி உட்கார்ந்திருந்தது.
சொட்டு சொட்டாக டெர்மினலில் வெள்ளம்.
அந்த மூடியை இறுக்கியது நான்.

வெளியே அவர் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தார்.
பெட்டி தப்பு செய்யலை, நான் செஞ்சேன், என்றேன்.
கொஞ்ச நேரம் மழைச் சத்தம்.
பிறகு கட்டன்சாயா வந்தது.
இந்தத் தடவை சீனி சரியாக இருந்தது.

வீடு சேர ஒரு மணி.
குறுக்கே ஒரு வயர் முறுக்கிய
பழைய ஃபியூஸ் கட்டை என் வீட்டில்.
காலையில் ஜெனிஷா சொன்னாள்,
"அப்பா, வாஷிங் மெஷின் இன்னும் கடிக்குது."
இன்னும்.
செருப்புப் போட்டுத் தொடு மக்கா என்று
எத்தனை மாசம் சொல்லியிருக்கிறேன்.

கடையில் இன்னொரு பெட்டி கேட்டேன்.
பில் யார் பேருக்கு, என்றான் பையன்.
வாய் தவறி பெர்க்மான்ஸ் என்றேன்.
எழுதிவிட்டான்.
அடித்துத் திருத்த வைத்தேன்.