வாளியில் பதினாலு ஹாரன்

புதுசாக எடுத்த அன்றைக்கே தெரியும்,
இந்த ஸ்கூட்டிக்கு நெஞ்சில் சளி.
அமுக்கினால் ஒரே ஒரு ‘கீ’.
ஷோரூம் பையன் சிரித்தான்:
‘கம்பெனி தாறது இவ்வளவுதான் அக்கா,
ஓட ஓடச் சரியாவும்.’
ஹாரன் எங்கே ஓடும்?

மூன்று வருஷம் மீன்பெட்டி ஐஸ் உருகி
உப்புத்தண்ணீர் அதன் வாயில் சொட்டியது.
‘கீ’ தேய்ந்து ‘க்ஹீ’ ஆனது,
கடன் கேட்க வந்தவன் வாசலில் நின்று
செருமிக்கொள்வதுபோல.

பாலப்பள்ளம் வளைவில் ஒரு டிப்பர்,
மலையை உடைத்து எல்லை தாண்டிக் கொண்டுபோகிற ஜாதி,
பார்க்காமல் பின்னாலே வந்தது.
அமுக்கினேன். அமுக்கினேன்.
கேட்டது எனக்கும்
பெட்டியில் இருந்த சாளைக்கும் மட்டும்.
அதன் தகரம் என் முன்சக்கரத்தைத் தொட்ட பிறகு
கிளீனர் எட்டிப் பார்த்தான்:
‘சத்தம் போட்டிருக்கலாம்லா சேச்சி?’

கருங்கல், ஜாஸ்பர் கடை.
‘ரெட்டையாப் போடுவோம்,
ஒண்ணு கட்டை, ஒண்ணு கீச்சு.
ரிலே வைக்கணும், இல்லேங்கி சுவிச்சு கரிஞ்சுபோவும்.
பேட்டரியிலேருந்து தனி வயர், நடுவில ஒரு பியூஸ்.’
எண்ணூற்றைம்பது என்றான்.
எழுநூறும் ஒரு கிலோ அயிலையும் என்றேன்.

முதல் அமுக்கலில்
எதிர்க் கடையில் ஒருவர் சட்டையில் டீ.
தேங்காப்பட்டணம் பஸ் ஒதுங்கியது,
எனக்கு.
குறும்பனை மெற்றில்டாவுக்கு.
ஒரு காரணமும் இல்லாமல்
திக்கணங்கோடு வரை அமுக்கிக்கொண்டே போனேன்,
சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் கப்பியறை.
முதல் கேட்டில் அமுக்கினேன்.
‘யாருக்க காரோ திருப்புதாவ’ என்று
மதிலுக்கு உள்ளே ஒரு குரல். அவ்வளவுதான்.
நான் திரும்புவதற்கு முன்னாலேயே
மதிலில் உட்கார்ந்திருக்கும் ஒற்றைக்காதுப் பூனை
பலாமரத்தில் ஏறி என்னை முறைத்தது.
ஐந்து கேட். ஐந்தும் சாத்திக் கிடந்தன.
மீனேய் என்று கூவ எனக்கு வராது.
எனக்க அம்மைக்கு வரும்.
நான் பி.காம்.

ராத்திரி சோபா சிஸ்டர் போன் செய்தாள்:
‘இண்ணைக்கு ஏன் வரல்ல?
நைட் டூட்டி முடிஞ்சு உறங்காமக் காத்திருந்தேன்.’
பெட்டியில் நாலு கிலோ சாளை
கண் சிவந்து கிடந்தது.

‘பழசு எங்க ஜாஸ்பர்?’
பெயின்ட் வாளி ஒன்றைக் காலால் தள்ளினான்.
பதினாலு இருந்தன.
எல்லாம் கறுப்பு, எல்லாம் உள்ளங்கை அகலம்,
எல்லாம் துரு.
‘ஏதாவது ஒண்ணை எடும், எல்லாம் ஒண்ணுதான்.’

ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
பழைய பேட்டரியில் இரண்டு வயர்,
ஒவ்வொன்றாகத் தொடவைத்தேன்.
முதலாவது, ஆடு.
அடுத்தது செத்துப்போனது.
மூன்று, நான்கு, யாரோ கோபக்காரர்கள்.
ஒன்பதில் கை நின்றது,
மறுபடி தொட்டேன்.
இல்லை, இதற்குத் தயக்கம் போதாது.
பஞ்சர் ஒட்ட வந்தவன் தன் கூட்டாளியிடம்
விரலைக் காதோரம் சுழற்றிக் காட்டினான்.
பார்க்காததுபோல் இருந்தேன்.

பன்னிரண்டாவது
‘க்ஹீ’.

துப்பட்டாவில் துடைத்துக் கொடுத்தேன்.
‘இதுக்குத் தனிச் சுவிச்சு வேணுமா?’
ஆமா. புதியது இடது பெருவிரலுக்கு,
டிப்பருக்கும் பஸ்ஸுக்கும்.
இது வலது பக்கம், கொஞ்சம் கீழே.
நூற்றிருபது கேட்டான்.
இந்தமுறை மீன் பேசவில்லை, கொடுத்துவிட்டேன்.

கப்பியறைத் திருப்பம், எட்டே கால்.
வலது கை.
தாழ்ப்பாள் விலகும் சத்தம்,
எவர்சில்வர் சட்டியோடு சோபா சிஸ்டர்.
‘நீ ரெண்டு நாளா எங்க போன?’
‘முந்தாநாள் வந்தேனே, இந்த வாசலிலே நிண்ணு...’
‘கள்ளம் பறயாத. வந்தா எனக்குக் கேக்காதா?’

பூனை இறங்கி வந்தது.
முதுகைக் காட்டி உட்கார்ந்தது,
இரண்டாவது சாளைத் தலை விழும் வரைக்கும்.