வாயசைவு

ஜப்பானிய வாய் நான்கு முறை திறக்கிறது.
"ஓடுங்கள்" போதாது, ஓர் அசை குறைகிறது.
"ஓடுங்கய்யா" உட்காரும்.

டவுன்ஹால் ரோட்டு லாட்ஜில் மூன்றாம் மாடி.
குபேந்திரன் சொல்லச் சொல்ல
நான் கார்பன் வைத்து எழுதுவேன்.
பதினோரு படம். பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய்.
மிருகம் கத்தும் பக்கங்களுக்குக் காசில்லை;
கத்தல் எந்தப் பாஷையிலும் கத்தல்தானே
என்பார் விநியோகஸ்தர், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

மூன்றாவது படத்தில் துறைமுகத்தை அடித்துவிட்டு
யானைக்கல் என்று எழுதச் சொன்னார்.
"பாலத்தைத் தாண்டிருச்சு சார்!"
தொப்பி போட்ட தளபதி அலறியதும்
பெஞ்சு டிக்கெட்டில் ஒருவன் எழுந்து ஓடினான்.
செல்லூரில் அவனுக்கு வீடு.

ஆற்றில் தண்ணீரே இல்லையே,
அது எதிலிருந்து எழும்பும் என்று கேட்டேன்.
மணல் அள்ளின குழியிலிருந்து,
எழுதுடா என்றார்.

எட்டாவதில் அது சாகிறது.
ரப்பர் கழுத்து சாய்கிறது, சத்தம் வருமுன்
வாய் மட்டும் ஆறு முறை அசைகிறது.
அன்றிரவு வாங்கிவந்த பரோட்டாவைப் பிரிக்கவேயில்லை.
விடிகிற நேரத்தில் ஒரு வரி வைத்தார்:
"ஏன் எழுப்புனீங்க."
மிருகம் பேசுமாய்யா என்று வெட்டிவிட்டார்கள்.
என் கார்பன் தாளில் மட்டும் அது இருக்கிறது,
நீலமாக, கொஞ்சம் இடம் தள்ளி.

இப்போதும் மேலூர் பஸ்ஸில் போனால்
ஒத்தக்கடை வருமுன் ஜன்னலோரம் கேட்டு மாறி உட்காருவார்.
யானைமலை படுத்தேயிருக்கும்.
சுண்டுவிரலின் கடைசிக் கணுவில்
அவருடைய கட்டைவிரல்
முதல் அசைவுக்காக நிற்கும்.
கண்டக்டர் சில்லறை கேட்பார், இரண்டு தடவை.