ஏழு என்றுதான் சொல்லிவந்தேன்

காற்சட்டையின் வலது பை
ஆண்டுக்கு இருமுறை கிழிகிறது.
துணி வைத்துத் தைப்பதை விட்டுவிட்டேன்.
இப்போது மாட்டுத்தோலில் ஓர் ஒட்டு,
அதன்மேல் இன்னோர் ஒட்டு.
மடக்கினால் ஒரு சாண்,
விரித்தால் ஒன்றே முக்கால்.

அல்பசேத்தே சாலையில் ஒருமுறை
ரோந்துக் காவலர் அலகின்மேல் விரல்களை அடுக்கி
அளந்து பார்த்தார்.
சட்டத்துக்கு இரண்டு விரற்கடை கூடுதல்.
"எங்கே கிளம்பிவிட்டாய், எலாதியா?"
பூண்டு வயலுக்கு.
அவர் வீட்டு அடுப்புக்கும் என் பூண்டுதான் போகிறது.
பிடி என் பக்கம் இருக்கும்படி
திருப்பி நீட்டினார்.

நாளின் முதல் வெட்டு ரொட்டிக்கு.
மார்போடு அணைத்துக்கொண்டு
அலகு என்னை நோக்கி வர அறுப்பேன்.
சாந்தோஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வான்,
இருபத்தாறு வருடமாக, தினமும்.
அப்புறம் சொட்டுநீர்க் குழாய், சாக்குக் கட்டிய சணல்,
நாயின் பாதத்தில் ஏறிய முள்,
வங்கியிலிருந்து வரும் கடிதம்
(அதற்கு மட்டும் அலகைத் துடைப்பதில்லை).
முலாம்பழம் அறுத்தாலும் பூண்டுதான் மணக்கும்.
யாரும் குறை சொன்னதில்லை.
இந்த ஊரில் முத்தமும் அப்படித்தான்.

ஆனால் நான் அதைச் சுமந்தது சத்தத்துக்காக.
பிடியில் ஒரு வில். அலகின் அடியில் பற்கள்.
விரிய விரிய ஒவ்வொன்றாய் ஏறும்
கறக்
கறக்
கறக்
மதுக்கடையில் பேச்சு நிற்கும்.
ஏழு பல், என்பேன்.
ஏழையும் கேட்டுவிட்டு விலை பேசுங்கள் என்பேன்
லாரியோடு வரும் வியாபாரிகளிடம்.

ஜூலை அறுவடைக்கு வந்தவர்களில் ஒருவன் பக்காரி.
மாலியில் செகூ பக்கம்.
பத்து மணி இடைவேளை. அவன் முதுகுக்குப் பின்னால் நின்று
பழத்துக்காகக் கத்தியை விரித்தேன்.
மூன்றாம் பல்லில் அவன் மண்ணில் கிடந்தான்,
பிடரியில் இரண்டு கையும் கோத்து.

எல்லாரும் சிரித்தார்கள்.
நானும், என்ன சொல்ல, சிரித்துவிட்டேன்.
எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.
பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை.
முன்பு எங்கே கேட்ட சத்தம் அது என்று
நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அன்றிரவு சமையலறையில் பழகினேன்.
வில்லின் நுனியில் ஒரு வளையம் உண்டு, மூடுவதற்கென்று.
திறக்கும்போதே அதை இழுத்துப் பிடித்தால்
பல் எதிலும் படாது,
அலகு எண்ணெயில் வழுக்குவதுபோல் வரும்.
ஆள்காட்டி விரல் கொப்பளித்தது.
"உடைந்துவிட்டதா?" என்றான் சாந்தோஸ்.
இல்லை.
மதுக்கடையில் அதற்கு
ஊமைச்சி என்று பெயர் வைத்தார்கள்.

ஆகஸ்டில் கொட்டகைக்குள் தாள் நறுக்கும் வேலை.
பக்காரியின் கத்தரி முறிந்தது.
என் பக்கம் கையை நீட்டினான்.
மடக்கியபடியே கொடுத்து, வளையத்தைக் காட்டினேன்.
தலையாட்டினான். வளையத்தைத் தொடவில்லை.
கத்தியைக் காதோரம் வைத்துக்கொண்டு
மிக மெதுவாக விரித்தான், தன் மொழியில் எண்ணியபடி.

கெலென்.
ஃபிலா.
சபா.
நானி.
தூரு.
வோரோ.

அலகு நிமிர்ந்து நின்றுவிட்டது.
"ஆறு" என்றான்.
ஏழு, என்றேன்.
மூடினான். மறுபடி விரித்தான், இன்னும் மெதுவாக.
கொட்டகை முழுக்கக் காது கொடுத்திருந்தது.
ஆறு.

ஒன்று தேய்ந்திருக்க வேண்டும்.
எந்த வருடமோ. வாங்கும்போதே ஆறுதானோ.
ஊரையே கேட்க வைத்தவள்
ஒருநாளும் எண்ணியதில்லை.

அவன் ஒரு கட்டுத் தாளை அறுத்தான்.
தன் காற்சட்டையில் அலகை இருபுறமும் துடைத்தான்.
"நுனி மழுங்கியிருக்கு" என்றான்,
அடுத்த கட்டை இழுத்துக்கொண்டே.