லாக்கர் கதவின் உட்புறம்

ஹல் நகரத்துக் கேரவன் தொழிற்சாலையில்
ஜன்னல்களுக்குப் பசை வைக்கிறாள் ஜீவிலே.
லித்துவேனியாவிலிருந்து வந்தபோது
அவளிடம் இருந்தவை குட், பேட், நைஸ்,
அப்புறம் ஒரு வெரி.

பாவம் அந்த வெரி.
பொதிமாடு மாதிரி எல்லாவற்றையும் சுமந்தது.
ஆற்றுக்காற்று முகத்தைக் கிழித்தால் வெரி கோல்ட்.
பத்து மணி நேரம் நின்ற காலுக்கு வெரி டயர்ட்.
க்ளென்டா கொண்டுவந்த எலுமிச்சை கேக்கில்
இரண்டாம் துண்டு கேட்கத் துடித்த நாக்குக்கு
வெரி, வெரி நைஸ்.
க்ளென்டா தலையாட்டினாள்,
பார்சலுக்குக் கையெழுத்துப் போடுகிறவள் போல.

யாரும் கற்றுத்தரவில்லை. திருடினாள்.
சாப்பாட்டு மேசையில், கழிப்பறை வரிசையில்,
பஸ்ஸின் பின்சீட்டில் சிந்திக் கிடந்ததைப் பொறுக்கி
மாஸ்க்கிங் டேப்பைக் கிழித்து எழுதி
லாக்கர் கதவின் உட்புறம் ஒட்டினாள்.

டயர்டுக்கு எலும்பும் கழன்றால் நேக்கர்ட்.
ஈரக் கையுறைக்குள் கை படுகிற பாடு கிளாமி.
போர்மேன் டெஸ்மண்ட் காரணம் சொல்லாமல்
உதடு பிதுக்கும் திங்கட்கிழமை, மார்டி.
பல் கிட்டித் தோள் காதுவரை ஏறும் குளிருக்கு
நிதர்ட் என்று ஒன்று.
அவளுடைய பாக்கெட் அகராதியில் அது இல்லை,
பஸ் நிறுத்தத்தில் இருந்தது.
மழைக்கு மட்டும் ஏழு டேப்.

ஸ்க்விஷ், க்ரன்ச், ஸ்னிஃபிள் மூன்றுக்கும்
அர்த்தம் பார்க்கவே இல்லை.
மொறுமொறுவுக்கு
நமக்கு யார் அர்த்தம் சொன்னார்கள்?

பிப்ரவரியில் பாய்லர் நின்றது.
போன வருஷமும் நின்றதுதான்.
அப்போது ஹீட்டிங் வெரி பேட் என்றாள்,
வீட்டுக்காரர் பதினோரு நாள் கழித்து ஆளனுப்பினார்.
இந்த முறை போனை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
அது இளைக்கிறது, கக்கிக் கக்கி இருமுகிறது,
கடைசியில் ஒரு முனகல், அவ்வளவுதான்,
படுக்கையறைச் சுவருக்கு வியர்க்கிறது.
வீஸ், ஸ்பட்டர், க்ரோன்
மூன்று டேப்பும் ஒரே மூச்சில்.
சாயங்காலமே ஒருவன் ஸ்பானரோடு நின்றான்.

ஒரு வியாழன் க்ளென்டா தாமதமாக வந்தாள்.
கண் இரண்டும் வீங்கி.
பதினான்கு வருஷம் கூடவே படுத்த நாய்
விடிகாலையில் போய்விட்டதாம்.
ஐயாம் கட்டட், என்றாள்.

ஜீவிலேக்கு அந்தச் சொல் தெரியும்.
முதல் இரண்டு வருஷம் க்ரிம்ஸ்பியில் மீன் அறுத்தவள் அவள்.
பெட்டி பெட்டியாக அதே எழுத்து, நீல மையில்.
வயிற்றைக் கீறு, விரலை விடு,
குடலை உருவித் தொட்டியில் போடு,
உள்ளே தண்ணீர் அடி. அடுத்த மீன்.
ஷிப்டுக்கு எத்தனை ஆயிரம் என்று எண்ணியதில்லை.
கையில் இருந்த சொல்
காதுக்கு வந்து சேர ஆறு வருஷம்.

அதை ஒட்டவில்லை.
க்ளென்டாவின் தோளில் கை வைத்தாள்.
கோட்டில் பசை ஒட்டிக்கொண்டது,
யாரும் துடைக்கவில்லை.

இப்போது கதவில் நாற்பத்தொரு டேப்,
ஓரம் சுருண்டு சிலது உதிர்கிறது.
காலை ஆறரை. வாசலில்
ஏழில் எதிலும் சேராத ஒரு மழை.
எப்படி இருக்கே, லவ்? என்கிறாள் க்ளென்டா.

நிதர்ட், நேக்கர்ட், விரல்நுனி கிளாமி,
ராத்திரி வந்த கடிதத்தால் கொஞ்சம் மார்டி,
ஆனாலும் பாய்லர் ஓடுவதால்
உள்ளே எங்கோ ஒரு மூலை கதகதவென்று ஸ்னக்.
அத்தனையும் நாக்கு நுனியில் முண்டியடிக்க
ஜீவிலே தொப்பியை உதறிவிட்டுச் சொன்னாள்:
நாட் பேட்.

க்ளென்டா நின்றாள்.
முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள்.
அவ்வளவு மோசமா, என்று
கெட்டிலைப் போடப் போனாள்.