ஈர நோட்டு

எனக்கு முகங்கள் தெரியாது.
கண்ணாடியில் அரைவட்டமாய் வெட்டிய துளைக்குள்
கைகள் வரும், போகும்.
விடியும் முன் வரும் முதல் கை பிரகாசியுடையது.
"கோடம்பாக்கம் ஒண்ணு, ரிட்டன் போட்டுடும்மா."

ஐஸ் உருகி நனைந்த நோட்டு,
நாலாக மடித்தது.
பிரித்து, மேசை விசிறிக்குக் கீழே,
ஸ்டாம்பு பேடு வைத்துக் காயப்போடுவேன்.

நிலையம் பழசு. ரொம்பப் பழசு.
தெற்கில் முதல் ரயில் இங்கிருந்துதான் கிளம்பியதாம்.
மகனிடம் பெருமையாகச் சொன்னேன்.
"அப்புறம் ஏம்மா எக்ஸ்பிரஸ் எதுவும் நிக்கறதில்ல?"
என்னிடம் பதில் இல்லை.
டைம்டேபிளைப் புரட்டிப் பார்த்தேன், அதிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில்
தூண்களுக்கு எதிரே முக்காலி நட்டு
படம் எடுக்க வருகிறவர்கள் உண்டு.
"அந்தக் கூடைய மட்டும் கொஞ்சம் நகத்துங்கக்கா."
நகர்த்துவாள்.
படத்தில் தூண் விழும்,
தூணடியில் கூடை இருந்த இடத்து
வட்ட ஈரமும் விழும்.
அதை யாரிடம் சொல்லி நகர்த்துவது?

மீன் விற்ற காசு நாறாது என்பார்கள்.
நாறும்.
பணம் எண்ணும் இடத்தில் சபாநாயகம்
பையின் சீலை உடைக்கும் முன்பே
"ராயபுரம் வந்துடுச்சு" என்பாராம்.
முதலில் எனக்குக் கோபம்தான்.
அன்றைக்கு வீட்டில்
சாதம் பிசையும்போது விரல்களை முகர்ந்தேன்.
சங்கராவா, நெத்திலியா,
பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.
பிறகு கோபப்படவில்லை.

தடைக்காலத்து இரண்டு மாதம்
அந்தக் கை வராது.
நோட்டெல்லாம் மொறமொறவென்று இருக்கும்,
விசிறி சும்மா சுற்றும்.

இந்த வருஷம் படகுகள் மறுபடி இறங்கிய வாரம்
துளைக்குப் பக்கத்தில்
கறுப்புப் புள்ளிச் சதுரம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள்.
பிரகாசி போனை நீட்டினாள்.
"பொண்ணு போட்டுக் குடுத்தா. வந்துச்சா பாரு."
வந்தது.
ஈரமில்லாமல், மடிப்பில்லாமல்,
எண்ணாகவே வந்தது.

"வந்துச்சுக்கா" என்றேன்.
அவள் நம்பவில்லை.
சதுரத்தைக் கட்டைவிரலால்
இரண்டு முறை தேய்த்துப் பார்த்தாள்,
நோட்டு நல்லதா என்று பார்ப்பதுபோல.
அதற்குள் பீச் லோக்கல் வந்துவிட்டது.
கூடையோடு ஓடினாள்.

சதுரத்தின் மேல் ஒரு செதில்
ஒட்டிக்கொண்டிருந்தது.
அடுத்து வந்தவர்
"ஸ்கேன் ஆவலியே" என்றார்.
சில்லறையாகக் கொடுக்கச் சொன்னேன்.

துணி பக்கத்திலேயேதான் இருக்கிறது.
கூட்டம் குறையட்டும்,
துடைக்கலாம்.
நேற்றும் அப்படித்தான் நினைத்தேன்.