முதுகுப் பிளவு

கீழக்கரை. மே மாதம். கரண்ட் இல்லை.
நிக்காஹ் கோட்டுக்குள் வேகிறேன்.

"முதுகுல கிழிஞ்சிருக்கே" என்கிறாள்
சுபைதா லாத்தா, கையில் ஊசியோடு.

தச்சிராதீங்க லாத்தா, அது குதிரைக்கு.

தேராவில் ஏழு வருடம் கோட்டு விற்றவன் நான்.
இன்றுதான் போட்டிருக்கிறேன்.
மடிந்த காலரை நிமிர்த்தினால்
பட்டாளத்துச் சட்டை.
நெஞ்சோரத் துளைக்கு
எதிர்ப்பக்கம் ஒரு பட்டன் இருந்தது முன்பு.
யாரோ ஒரு ராஜா
தொந்திக்காகக் கீழ்ப்பட்டனைத் திறந்துவிட்டாராம்,
ஒட்டிய வயிற்றுக்காரனும்
இன்றுவரை பூட்டுவதில்லை.
வாடிக்கைக்காரர்கள் இதெல்லாம் கேட்டதில்லை.
விலைதான் கேட்டார்கள்.

"கீழக்கரையில குதிரையா?"
லாத்தாவுக்குச் சிரிப்பு.

வந்துச்சே, இதே கடல் வழியா.
பெரியபட்டினத்தில் இறங்கினவாம்
அரபுக் குதிரைகள்,
கப்பலின் ஆட்டம் கால்களில் தீராமல்.
ஏறி உட்கார்ந்தவர்களுக்கு
இடுப்புக்கு மேல் துணி இருந்திருக்காது.
அவை போய் எத்தனையோ நூறு வருடம் கழித்து
கோட்டு வந்து இறங்கியிருக்கிறது.

வாசலில் ஆம்னி வேன்.
ஏறிச் சாயாமல் உட்கார்கிறேன்.
பிளவு, சொல்லிவைத்த மாதிரி,
இருபுறமும் விலகிக்கொடுக்கிறது.

கொஞ்சம் கடல்காற்று
உள்ளே வருகிறது.