வஸிலின் நிறுத்தங்கள்

கால்கரியில் வஸிலுக்கு
இடுப்பெலும்பு மாற்றுகிறார்கள்.
வெள்ளிக்கிழமை அவர் வீட்டுச் சாவியும்
ஒரு கயிறும் கயிற்றோடு ஹ்ரிமும்
என் கைக்கு வந்து சேர்ந்தன.
ஹ்ரிம் என்றால் உக்ரைனிய மொழியில் இடியாம்.
பனி அள்ளும் வண்டிச் சத்தத்துக்கே
கட்டிலடியில் நுழைந்துகொள்ளும் இடி.

வாரத்தில் ஆறு நாள்
கேன்மோர் விடுதியொன்றின் நிலவறையில்
படுக்கை விரிப்புகள் துவைக்கிறேன்.
ஏழாம் நாள் கதவைத் திறந்தால்
மலை முழுக்க அதையே விரித்து வைத்திருக்கிறார்கள்,
ஒரு சுருக்கமில்லாமல்.

மைனஸ் பதினெட்டு.
முன்பனி பின்பனி என்று
நான்கே மாதத்தைப் பங்கு போட்டவர்கள் நாம்.
இங்கே பனி
நவம்பரிலேயே முன்பணம் கட்டிக் குடியேறிவிடும்.

உட்கார் என்றேன். உட்காரவில்லை.
ஆங்கிலத்தில் சொன்னேன்.
தலையை ஒருபக்கம் சாய்த்து
பாவம் என்பதுபோல் பார்த்தது.

ஊரில் நாயைக் கண்டதும்
குனிந்து கல் தேடிய கை இது.
இங்கே கல்லெல்லாம் பனிக்கடியில்.
நாய் மட்டும் இருக்கிறது,
கயிற்றின் மறுமுனையில்,
என்னை இழுத்துக்கொண்டு.

காலணியில் முள் பூட்டி ஏறத் தொடங்கினோம்.
அரை மைல் தாண்டி ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடியில் நின்றது.
மோப்பமில்லை, காலைத் தூக்கவுமில்லை.
சும்மா நின்றது.
இழுத்தேன், அசையவில்லை.
முப்பது எண்ணியிருப்பேன்,
பிறகு தானாக நடந்தது.

அடுத்தது மரப்பாலம். அங்கே
என் கோட்டுப் பையைப் பார்த்து நின்றது.
பிஸ்கட் கொண்டுவரத் தெரியாத ஆள் நான்.

மூன்றாவது, ஆள் உயரப் பாறை.
பின்னால் போய்ப் பனியைப் பறித்தது.
ஒரு தகர டப்பா.
உள்ளே சிகரெட் துண்டுகள், ஏழெட்டு.
போன கோடையிலேயே விட்டுவிட்டதாக
மருத்துவரிடம் சத்தியம் செய்தவர்.
அடப்பாவி, காட்டிக்கொடுத்துவிட்டாயே என்றேன்.
வாலை ஆட்டியது.

அதன் பிறகுதான் எண்ண ஆரம்பித்தேன்.
முதல் நிறுத்தங்கள் தூரம் தூரமாக.
மேலே போகப் போக
நூறடிக்கு ஒன்று,
ஐம்பதடிக்கு ஒன்று,
கடைசியில்
நாலு எட்டு வைப்பதற்குள் நின்றது நாய்.
குப்பைத் தொட்டியருகே தினமும் பார்ப்போம்,
இன்று வெயில் நன்றாக இருக்கிறது என்பார்.
இடுப்பைப் பற்றி
ஒருநாளும் சொன்னதில்லை.

நீர்வீழ்ச்சி என்று
பலகையில் எழுதியிருந்தது.
எதுவும் விழவில்லை.
நஞ்சைத் தொண்டையில் நிறுத்தியவனின் நீலம்.
உள்ளே இறங்கவுமில்லை,
வெளியே வரவுமில்லை.
அதன்மேல் ஆரஞ்சுச் சட்டைக்காரி ஒருத்தி
கோடரியைக் கொத்திக் கொத்தி ஏறிக்கொண்டிருந்தாள்.
ஒவ்வொரு கொத்துக்கும் ஹ்ரிம் காதைச் சிலிர்த்தது.

குனிந்து பனிக்கட்டியில் காது வைத்தேன்.
உள்ளே எங்கோ தண்ணீர்.
அடுத்த அறையில் யந்திரம்
யாருடைய போர்வையையோ
அலசிக்கொண்டிருப்பதுபோல்.
அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.
எதுவும் நின்றுவிடவில்லை என்று அர்த்தம்.

நிமிர்ந்தால்
அருவிக்கு முதுகு காட்டி,
யாரும் சொல்லாமலே,
உட்கார்ந்திருந்தது ஹ்ரிம்.
முகவாயை உயர்த்தி, கண்ணிமைக்காமல்.
படத்துக்கு.

போனை எடுத்தேன்.
குளிரில் செத்துக் கிடந்தது.
இருந்தாலும் தூக்கிப் பிடித்தேன்.
கை இறங்கும்வரை
ஒரு மயிர் அசையவில்லை.

இறக்கத்தில் அது எங்கேயும் நிற்கவில்லை.
பாறை வந்ததும் நான்தான் நின்றேன்.
டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்து
மேலே பனியை மூடினேன்.

இரவு மருத்துவமனையிலிருந்து அழைத்தார்,
மருந்து மயக்கத்தில் குழறிய குரல்.
அருவிவரை போனீர்களா?
போனோம்.
படம் எடுத்தாயா?
எடுத்தேன் என்றேன்.
வழியில் எங்காவது நின்றதா என்று
அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஹ்ரிம் என் ஈரக் காலுறையைக் கவ்விக்கொண்டு
ஒளித்துவைக்க இடம் தேடி
அறையைச் சுற்றிக்கொண்டிருந்தது.